கண்ணாடிப் பெட்டியும் சலூன்காரர் முகமும்

1

இது கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. பழைய கேமராக்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தருகிறேன் என்று ஒரு பத்திரிகைக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, தகவல் தேடப் போன இடத்தில் 'கண்ணாடிப் பெட்டி' என்ற சாமானிடம் மனதைப் பறிகொடுத்தேன்.

விஷயம் எளிது. ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் நாம் கண்ணை வைக்கும் ஜன்னல் வேறு, படம் பிடிக்கும் லென்ஸ் வேறு. தூரத்து ஆளைக் கிட்டே இழுக்கும் நீள லென்ஸை மாட்டினால், ஜன்னலை நம்ப முடியாது. அதனால் லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் ஒரு பெட்டியை வைத்தார்கள். உள்ளே சாய்வாக ஒரு கண்ணாடி. லென்ஸ் பார்ப்பதை அது மேலே உள்ள மங்கல் கண்ணாடியில் காட்டும். குனிந்து பார்க்க வேண்டும். ஒரே சிக்கல், இடது வலதாகவும் வலது இடதாகவும் தெரியும்.

இந்தக் கடைசி வாக்கியத்தோடு கட்டுரை படுத்துவிட்டது. கதை எழுந்து உட்கார்ந்தது.

2

முதல் தொடக்கம்: 'அந்த பேங்க் குமாஸ்தா தன் முகத்தை வெறுத்தார். ஏனென்றால் அவர்'

ஏனென்று எனக்கே தெரியவில்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: 'மழை பெய்துகொண்டிருந்த ஒரு' (எனக்கு எது எழுத வராவிட்டாலும் மழை வரும். மன்னிக்கவும்.)

மூன்றாவது: சலூன்காரருக்குத் தன் போட்டோ எதுவுமே பிடிக்காது.

இது நிற்கிறது. நாள் முழுக்கக் கண்ணாடி முன்னால் நிற்கும் மனிதர். தன் முகத்தை அவரளவுக்குப் பார்த்தவர் யாருமில்லை. ஆனால் போட்டோவைக் காட்டினால் போதும், "இது நான் இல்ல" என்பார். சொல்வதோடு விட மாட்டார். தொழில் கத்தரிக்கோலை எடுத்துத் தன்னை மட்டும் நறுவிசாக வெட்டி எடுத்துவிடுவார். கல்யாணப் படத்தில் அவர் மனைவி, ஆள் வடிவில் இருக்கும் ஓர் ஓட்டைக்குப் பக்கத்தில் நின்று சிரிக்கிறாள்.*

* குமாஸ்தாவை விட்டுவிட்டு இவரைப் பிடித்ததற்கு இந்த ஓட்டைதான் காரணம்.

3

சலூன்காரர் மனைவியின் தங்கை கேமரா மெக்கானிக். அக்கா ஒருநாள் அவளுடைய பட்டறைக்கு வந்து, திருகாணிகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு மேசைமேலேயே உட்கார்ந்தாள்.

"இருபது வருஷமாச்சுடி. வீட்டுல அவரு படம்னு ஒண்ணு கூட இல்ல. எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். வெட்டாத படம்."

"கேமராவக் கண்டாலே மாமா மூஞ்சி பல்லு புடுங்கப் போற மாதிரி ஆயிடுதே, நான் என்ன பண்ண?"

"காட்டாம எடு."

[இந்த அக்காவை நான் கூப்பிடவில்லை. குறிப்பேட்டில் 'மனைவி' என்று ஒரே ஒரு சொல்தான் இருந்தது. வந்தாள், மேசைமேல் உட்கார்ந்தாள், கதையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.]

மெக்கானிக் அலமாரியிலிருந்து கண்ணாடிப் பெட்டியை எடுத்துத் துடைத்தாள். சலூனுக்கு எதிரே, தையல்காரர் வீட்டு மாடி ஜன்னலில் நீள லென்ஸோடு குந்தினாள். சலூன்காரர் முடி ஒட்டிய துணியை உதற வாசலுக்கு வந்தார். இடப்பக்கம் நகர்ந்தார். பெட்டியில் அவர் வலப்பக்கம் ஓடினார். அவள் லென்ஸையும் வலப்பக்கம் திருப்பித் துரத்தினாள். மாமாவுக்குப் பதிலாக ஒரு விளக்குக் கம்பம் அகப்பட்டது. மூன்று தடவை இப்படி. தையல்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நான்காவது தடவை சலூன்காரர் யாரிடமோ பேசி வாய்விட்டுச் சிரித்தார். டபக்.

அன்றைக்கே இருட்டறையில் படம் போட்டாள். அங்கேதான் தப்பு நடந்தது. ஒரு மணி நேரம் குனிந்து பார்த்த முகம் கண்ணிலேயே நின்றது. பிலிமைச் சரியாக வைத்தபோது மாமா ஏதோ கோணலாகத் தெரிந்தார். புரட்டி வைத்தாள். சரியாகிவிட்டது. அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது.

4

சலூனில் மெக்கானிக் நீட்டிய படத்தை சலூன்காரர் வாங்கினார். கத்தரிக்கோல் கையிலேயே இருந்தது. பார்த்தார். கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, இது நாந்தான்."

படத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

அக்கா எட்டிப் பார்த்தாள். "யாருங்க இது?"

"என்ன கேள்வி இது?"

"உங்க மச்சம் இந்தக் கன்னத்துலயா இருக்கு? வகிடு அந்தப் பக்கம்ல? இது உங்க அண்ணன்னு யாராவது சொன்னா நம்புவேன். இருபது வருஷமா நான் பாக்குற ஆளு இவரு இல்ல."

மெக்கானிக்குக்கு அப்போதுதான் புரிந்தது. இவ்வளவு நாளாக சலூன்காரர் தேடியது கண்ணாடி காட்டிய ஆளை. அக்கா கேட்பது எதிரே நிற்கும் ஆளை. ஒரு மனிதர்தான், ஆனால் இரண்டு பேர்.

5

முடிவு, அ: நேராக இன்னொரு படம் போட்டு, இரண்டையும் மாட்டுகிறார்கள். (சோம்பேறித்தனம்.)

முடிவு, ஆ: சண்டை போடுகிறார்கள். (என் மனம் ஒப்பவில்லை. அக்காவும் ஒப்ப மாட்டாள்.)

முடிவு, இ: மெக்கானிக் பிலிமைச் சரியாக வைத்து மறுபடி படம் போட்டாள். அதை சலூனின் பின்சுவரில், கண்ணாடிக்கு நேர் எதிரே மாட்டினாள். தலை நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்த சலூன்காரர், அதற்குள் தெரிந்த படத்தைப் பார்த்து, "ஆமா, நாந்தான்" என்றார். வாசல் வழியாக உள்ளே வந்த அக்கா சுவரையே நேராகப் பார்த்து, "அப்பாடா, இவருதான்" என்றாள்.

இங்கேயே நிறுத்தியிருப்பேன். அக்கா விடவில்லை.

"கண்ணாடில பாத்தது போதுங்க. திரும்புங்க. நான் யாரோட குடும்பம் நடத்துறேன்னு நீங்களும் பாக்க வேணாமா?"

சலூன்காரர் மெதுவாகத் திரும்பினார். மனைவி இத்தனை வருஷமாகப் பார்த்துச் சிரித்த ஆளை நேருக்கு நேராகப் பார்த்தார். பார்த்துவிட்டு, அவர்

இந்த வாக்கியத்தை நீங்கள்தான் முடிக்க வேண்டும். உங்களை நம்பி விடுகிறேன். கத்தரிக்கோலை மட்டும் நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.