தெய்வ அங்கத்தினர்

1.

இந்தக் கதை ஒரு போனில் பிறந்தது. யமுனைக்கரைத் தமிழ் மன்றத்தின் செயலாளர் வைத்தி, மத்திய அரசில் சார்புச் செயலராக இருந்து ஓய்வுபெற்றவர், ஆண்டு மலருக்குக் கதை கேட்டார்.

"ஸ்பெஷல் சைல்ட் பத்தி இருக்கட்டும். அம்மா தியாகம் பண்ணணும். கடைசி வரியிலே கண்ணுலே ஜலம் வரணும். ரெண்டு பக்கம், அச்சா?"

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

(அ) கண்ணீரே உணவாக, கோயில் படியே வீடாக, ஜ்யோத்ஸ்னா—

(ஆ) கடவுள் சில தாய்மார்களை மட்டும் தேர்ந்தெடுத்து—

(அ)வுக்கு, கதையின் அம்மாவான ஜ்யோத்ஸ்னா ஒத்துழைக்கவில்லை. லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் அவள் நன்றாகவே சாப்பிடுகிறாள். கோயிலுக்குப் போனால் புளியோதரை வரிசையில் முந்துகிறாள். (ஆ)வுக்கு அவள் பதில்: "தேர்ந்தெடுத்தாரா? எனக்கு ஆர்டர் ஒண்ணும் வரலியே."

2.

அவள் மகள் ஸ்ம்ருதிக்குப் பத்து வயது. ஆட்டிசம். ஒரு கேள்விக்கான பதிலை அடுத்த கேள்வி வந்தபிறகு சொல்வாள். யாராவது கைதட்டினால் காதைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றுவிடுவாள். பாட்டு என்றால் உயிர். ஆனால் மற்றவர்கள் ஒரு வரியைப் பாடி முடித்தபிறகுதான் அந்த வரியை அவள் தொடங்குவாள்.

இந்த மாதிரிக் கதைகளில் குழந்தைக்கு ஓர் அபூர்வத் திறமை கொடுத்துவிடுவது வழக்கம். பெயரே ஸ்ம்ருதி, நினைவு என்று பொருள். ஒருமுறை கேட்ட பாட்டை ஜென்மத்துக்கும் மறக்காமல்—

"வேண்டாம்," என்றாள் ஜ்யோத்ஸ்னா. "பக்கத்தாத்துப் பொண்ணுக்கு என்ன திறமை? நன்னா கிள்ளுவா. அவளை யாரும் கேக்கலியே. எம்பொண்ணு மட்டும் இங்க இருக்கறதுக்கு வாடகை மாதிரி திறமை கட்டணுமா?"

(திறமையை அடித்துவிட்டேன்.)

3.

விஷயத்துக்கு வருகிறேன். மன்ற ஆண்டு விழாவில் இறைவணக்கம் பாடும் குழந்தைகளோடு ஸ்ம்ருதியும் பாட ஆசைப்பட்டாள். ஞாயிறுதோறும் ஆர்.கே.புரத்தில் ஒத்திகை; போய்வந்தாள். ஒரு ஞாயிறு வைத்தி வாசலிலேயே மறித்தார்.

"ஜ்யோ, கோவிச்சுக்காதே. கோரஸ்லே ஒரு வரி தள்ளி வரா. மினிஸ்ட்ரிலேர்ந்து ஜாயின்ட் செக்ரட்டரி வரார். அதுக்குப் பதிலா அவளைத் தனியா கௌரவிச்சுடறோம். மேடையிலே நிக்க வெச்சு பொன்னாடை."

"பாடக் கூடாது, போர்த்திக்கலாம்."

"அதேதான்," என்றார் வைத்தி, நிம்மதியாக.

வீடு வரும்வரை ஆட்டோவில் ஸ்ம்ருதி அதே பாட்டைத்தான் பாடிக்கொண்டு வந்தாள். ஜ்யோத்ஸ்னாவுக்கு அழுகை வந்தது என்று எழுத ஆசைதான். வந்தது கோபம். பசி மாதிரி, அடிவயிற்றிலிருந்து.

4.

அழைப்பிதழ் வந்தது. கெட்டி அட்டை, தங்க எழுத்து. 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லில் பளபளப்பு போதவில்லை என்று வைத்தி, அரசாங்க இந்தியின் 'திவ்யாங்'கைத் தாமே தமிழாக்கியிருந்தார். 'திவ்ய' என்றால் தெய்வம், 'அங்' என்றால் அங்கம். ஆக, 'தெய்வ அங்கத்தினர் செல்வி ஸ்ம்ருதிக்குப் பாராட்டு.'*

*அங்கம் உடம்பில் இருப்பது. அங்கத்தினர் மன்றத்தில் இருப்பவர். சந்தா, ஓட்டு, இடைவேளை பஜ்ஜி உட்பட.

ஜ்யோத்ஸ்னாவின் கணவன் பத்ரி விழுந்து விழுந்து சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அழைப்பிதழை எடுத்துக்கொண்டு நேரே வைத்தி வீட்டுக்குப் போனாள்.

"மாமா, அங்கத்தினர்னு நீங்களே போட்டிருக்கேள்."

"அது திவ்யாங்மா. மொழிபெயர்ப்பு."

"அப்போ தப்பா?"

வைத்தி யோசித்தார். அவர் மொழிபெயர்ப்பில் தப்பு என்று அவருடைய சர்வீஸில் எந்த மேலதிகாரியும் குறிப்பெழுதியதில்லை.

"தப்புன்னு யார் சொன்னா?"

"அப்போ சரி, அங்கத்தினர்தான். அங்கத்தினர் யார் வேணா நிகழ்ச்சியிலே கலந்துக்கலாம்னு மன்றத்து விதி. அதுவும் நீங்க எழுதினதுதான். பொன்னாடை வேண்டாம், அவளுக்குக் கழுத்தெல்லாம் அரிக்கும். கோரஸ்லே ஒரு இடம் போதும்."

"ஒரு வரி தள்ளி வருவாளேம்மா…"

"வருவா. நீங்க காத்துண்டிருங்கோ."

5.

இனி முடிவு. கைவசம் இருப்பவை:

வைத்திக்குப் பிடித்தது: மேடையில் அற்புதம். ஸ்ம்ருதி எல்லோரோடும் இம்மி பிசகாமல் சேர்ந்து பாட, ஜாயின்ட் செக்ரட்டரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து— (நிறுத்திவிட்டேன். சேர்ந்து பாடினால்தான் அவள் நல்ல குழந்தை என்று ஆகிவிடும்.)

பத்திரிகைகளுக்குப் பிடித்தது: ஜ்யோத்ஸ்னா மைக்கைப் பிடுங்கி, சமுதாயத்தைப் பார்த்து ஆவேசமாக— ("எனக்கு டைம் இல்லே. அவளுக்குத் தலை பின்னணும்.")

6.

ஆகவே உங்களை அழைத்துவந்து மூன்றாவது வரிசையில் உட்கார வைக்கிறேன். திரை விலகுகிறது. குழந்தைகள் நிற்கிறார்கள், ஓரத்தில், இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடையோடு ஸ்ம்ருதி. பாட்டு தொடங்குகிறது. ஒரு வரி தள்ளி அவளும் தொடங்குகிறாள். யாரோ 'ச்சு' கொட்டுகிறார்கள். (நீங்கள் இல்லை என்று வைத்துக்கொள்வோம்.)

எல்லோரும் பாடி முடித்தாகிவிட்டது. ஆர்மோனியம் நின்றுவிட்டது. பழக்கதோஷத்தில் உங்கள் கைகள் மேலே எழும்புகின்றன.

அவளுக்கு இன்னும் ஒரு வரி பாக்கி.

முதல் வரிசையில் ஜ்யோத்ஸ்னா மேடையைப் பார்க்கவில்லை. நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து உங்களைத்தான் பார்க்கிறாள்.

வைத்தி கேட்ட கடைசி வரி என்னிடம் இல்லை. அது ஸ்ம்ருதியிடம் இருக்கிறது. கையைக் கீழே வையுங்கள்.