நாக்கு அக்காவின் பிரஷர்

சிப்ஸ் தொழிற்சாலையில் அவளுடைய பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி மேலாளர் முதல் லாரி ஓட்டுநர் வரை எல்லோருக்கும் அவள் நாக்கு அக்கா. பத்தொன்பது வருடமாக ருசி பார்ப்பதுதான் அவள் வேலை. பொரிந்து, உப்புத் தூவி வரும் சிப்ஸில் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டை எடுத்து வாயில் போட்டு, சரி அல்லது சரியில்லை என்று தாளில் குறிப்பாள். ஒரு ஷிஃப்டில் நாற்பது தடவை. ஆய்வகத்தில் உப்பை அளக்கக் கருவி இருந்தது. அது அரை மணி நேரம் கழித்துச் சொல்வதை இவள் மென்று முடிப்பதற்குள் சொல்லிவிடுவாள்.

அந்த வருடம் தொழிலாளர்களுக்கு உடல் பரிசோதனை நடந்தபோது அவள் கையில் பட்டையைச் சுற்றிய நர்ஸ், மூன்று தடவை காற்றடித்துப் பார்த்தாள். நூற்று அறுபத்தெட்டு, கீழே நூற்று நான்கு. தலைவலி உண்டா, மயக்கம் உண்டா என்று கேட்டாள். ஒன்றும் இல்லை. அவளுக்கு உடம்பில் ஒரு குறையும் தெரியவில்லை. அதுதான் இந்த நோயின் குணம் என்று மறுநாள் பார்த்த டாக்டரம்மா சொன்னார். தினமும் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொல்லி, ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. இவளும் சொல்லவில்லை.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் பாதியில் விடாத மனிதர். மனைவிக்குப் பிரஷர் என்றதும் ஒரு வாரம் முழுக்க ஃபோனில் படித்தார், வீடியோ பார்த்தார். வேலை முடிந்து வரும்போதெல்லாம் பையில் ஒரு புட்டி வந்தது. பூண்டு மாத்திரை, மீன் எண்ணெய் மாத்திரை, மெக்னீசியம், தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் ஆரஞ்சு நிற வைட்டமின். எதை எப்போது சாப்பிட வேண்டும் என்று கட்டம் போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினார்.

“டாக்டர்தான் மாத்திரை குடுத்திருக்காங்களே, எதுக்கு இத்தனை?” என்று அவள் கேட்டாள்.

“லிஃப்டை ஒரே கம்பியிலயா தொங்க விடுறோம்? அஞ்சு கம்பி போடுறோம். ஒண்ணு விட்டாலும் இன்னொண்ணு தாங்கும்” என்றார் அவர்.

அவர் முகத்தில் இருந்த அக்கறையைப் பார்த்து அவள் மறுத்துப் பேசவில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையை விடாமல், புட்டிகளையும் கட்டம் தவறாமல் சாப்பிட்டாள். நுரைக்கிற வைட்டமின் மட்டும் காலை, மதியம், மாலை என்று மூன்று வேளை. முதல் நாள் குடித்தபோதே, ஆரஞ்சு இனிப்புக்கு அடியில் லேசாகக் கரிப்பதாக அவளுக்குப் பட்டது. சொன்னாள். அவர் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, நாளெல்லாம் உப்பு தின்கிற நாக்கு, குடிக்கிற தண்ணீர்கூட அதற்குக் கரிக்கும் என்று சிரித்தார். இருக்கலாம் என்று அவளும் விட்டுவிட்டாள்.

ஒரு மாதம் கழித்து அளந்தபோது நூற்று அறுபத்து நான்கு. டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டுவதற்காகப் பேனாவை எடுத்தவர், ஏதோ தோன்றி நிறுத்தினார். வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். கணவர் பெருமையோடு பையைத் திறந்து புட்டிகளை மேசைமேல் வரிசையாக வைத்தார். அந்த வாரம் புதிதாக வாங்கிய பொட்டாசியம் புட்டியும் அதில் இருந்தது.

டாக்டரம்மா முதலில் அதைத்தான் எடுத்தார். “இதுல எத்தனை சாப்பிட்டீங்க?”

“மூணு” என்றாள் அவள்.

“நான் குடுத்த மாத்திரையே ரத்தத்துல பொட்டாசியத்தை ஏத்தும். அதோட இதுவும் சேர்ந்தா நெஞ்சுத் துடிப்பே தடுமாறிப் போகும். இன்னிக்கே ரத்தம் குடுத்துட்டுப் போங்க.”

கணவருக்கு முகம் சுண்டிப்போனது. அடுத்து டாக்டரம்மா நுரைக்கிற வைட்டமினை எடுத்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பொடி எழுத்தைப் படித்தார். நுரைப்பதற்காகச் சேர்க்கிற பொருளிலேயே சோடியம் இருக்கிறது, உப்பில் கெடுதல் செய்வதும் அதேதான், மூன்று வேளை குடித்தால் கிட்டத்தட்ட அரை ஸ்பூன் உப்பை விழுங்கிய கணக்கு என்றார்.

“கரிக்குதுன்னு நான் அன்னிக்கே சொன்னேங்க” என்றாள் அவள், கணவரைப் பார்க்காமல்.

அது எப்படித் தெரிந்தது என்று டாக்டரம்மா வியந்து கேட்டபோதுதான் வேலை விவரம் வெளியே வந்தது. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஒரு நாளைக்கு எண்பது சிப்ஸ். விழுங்குகிறீர்களா, துப்புகிறீர்களா என்று கேட்டார். சாப்பிடுகிற பொருளைத் துப்ப மனசு வராது என்றாள் அவள். இனி மனசு வர வேண்டும் என்றார் அவர். மீதிப் புட்டிகளும் வேண்டாம் என்றும், உடம்புக்கு எது குறைகிறதோ அதை மட்டும் பரிசோதித்துப் பார்த்துத் தருவதாகவும், எழுதிக் கொடுத்த மாத்திரையை எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்.

ரத்தப் பரிசோதனை முடிவு மறுநாள் வந்தது. பொட்டாசியம் ஏறவில்லை. வைட்டமின் டி மட்டும் குறைவு. அதற்கு வாரம் ஒரு மாத்திரை, அது எலும்புக்கு, பிரஷருக்கு இல்லை என்று டாக்டரம்மா தெளிவாக எழுதியிருந்தார். கணவர் அந்தத் தாளை இரண்டு முறை படித்துவிட்டு ஃபிரிட்ஜிலிருந்து கட்டத்தைக் கிழித்தார். நல்லது செய்யப் போய் உன்னைக் கொல்லப் பார்த்திருக்கிறேன் என்று புலம்பியவரை, முதலில் போய்க் காய் நறுக்குங்கள் என்று அவள் சமையலறைக்கு அனுப்பிவைத்தாள்.

அதற்குப் பிறகுதான் உண்மையான கஷ்டம். முதல் இரண்டு வாரம் சாப்பாடு அட்டையை மெல்வதுபோல இருந்தது. எலுமிச்சை பிழிந்தார்கள், பூண்டை வதக்கிப் போட்டார்கள், மிளகைத் தட்டிப் போட்டார்கள். கீரை, பீன்ஸ், வாழைப்பழம் என்று பாத்திரம் நிறைந்தது. கணவர் தனக்கென்று உப்பு போட்டுக்கொள்ளவில்லை. ஒரு நாள் தட்டைப் பார்த்தபடியே, “அழுதா கண்ணீராவது கரிக்கும், தொட்டுக்கலாம்” என்றார். அவள் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. தொழிற்சாலையில் ஒரு கிண்ணம் வைத்து, மென்றதைத் துப்பி, வாய் கொப்பளித்தாள். முதல் நாள் மனசு கூசியது. பிறகு பழகிப்போனது.

ஆறாவது வாரம் புதுச் சிக்கல் வந்தது. ஒரே நாளில் ஒன்பது தடவை உப்பு அதிகம் என்று குறித்தாள். ஆய்வகக் கருவி அத்தனையும் சரி என்றது. சூப்பர்வைசர் அவளைவிட வயதில் சிறியவர், மரியாதை தெரிந்தவர். தயங்கித் தயங்கித்தான் பேசினார்.

“அக்கா, உடம்பு சரியில்லாததுல நாக்கு கெட்டுப்போச்சோன்னு மேலே கேக்குறாங்க. பேசாம பேக்கிங் பக்கம் வந்துடுறீங்களா?”

பத்தொன்பது வருடமாக அவளுக்குப் பெயரே அந்த நாக்குதான். ஆனால் யோசித்தபோது ஒன்று புரிந்தது. உப்பில்லாத சாப்பாட்டில் வெண்டைக்காயின் இனிப்பு இப்போது அவளுக்குத் தெரிகிறது. கெட்டுப்போன நாக்குக்கு அது தெரியுமா?

“சோதிச்சுப் பாருங்க சார். தப்பா சொன்னா நானே போறேன்” என்றாள்.

ஆய்வகத்தில் எட்டுக் கோப்பைத் தண்ணீரில் எட்டு அளவு உப்பைக் கரைத்து, அளவைக் கோப்பையின் அடியில் எழுதி, இடம் மாற்றி வைத்தார்கள். ஒவ்வொன்றாக வாயில் வைத்துத் துப்பி, குறைவிலிருந்து அதிகம் வரை வரிசைப்படுத்தினாள். தூக்கி அடியைப் பார்த்தார்கள். எட்டும் சரி. மூன்றாவதற்கும் நான்காவதற்கும் உள்ள வித்தியாசம் சூப்பர்வைசருக்கும் ஆய்வகப் பெண்ணுக்கும் பிடிபடவே இல்லை.

“நாக்கு நல்லாத்தான் இருக்கு. எனக்குப் பிடிக்கிற அளவுதான் இறங்கிப்போச்சு” என்றாள் அவள். “எனக்குப் பிடிச்சது எது, கம்பெனி அளவு எதுன்னு பிரிச்சுப் பார்க்கணும். ரெண்டு நாள் குடுங்க.”

இரண்டு நாள் தேவைப்படவில்லை. அன்று மாலைக்குள் அவள் தாளும் கருவியின் தாளும் ஒத்துப்போயின. அடுத்த மாதம், உப்பு குறைந்த சிப்ஸ் ஒன்றை உருவாக்க நாலு பேரைத் தேர்ந்தெடுத்தபோது மேலாளர் முதலில் அவளைக் கூப்பிட்டார். அதுவரை செய்து பார்த்ததெல்லாம் சப்பென்று இருந்தது. உப்பை இன்னும் பொடியாக அரைத்து மேலாக மட்டும் தூவினால், குறைந்த உப்பே நாக்கில் முதலில் படும் என்றாள் அவள். செய்து பார்த்தார்கள். ஆய்வகப் பெண் இரண்டாவது பிடி எடுத்துச் சாப்பிட்டதைப் பார்த்து, யோசனை பலித்தது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மூன்று மாதம் முடிந்து டாக்டரம்மா அளந்தபோது நூற்று முப்பத்திரண்டு, கீழே எண்பத்து நான்கு. மாத்திரை இதே அளவில் தொடரட்டும், இப்படியே போனால் பிறகு குறைப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்றார். அவள் எழுந்துகொள்ளாமல், பக்கத்தில் நின்ற கணவரைக் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

“இவருக்கும் ஒரு தடவை பாத்துடுங்க டாக்டர். அளந்ததே இல்ல.”

எனக்கெதுக்கு என்று அவர் முனகினார். டாக்டரம்மா பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். நூற்று நாற்பத்தெட்டு. பயப்பட ஒன்றுமில்லை, மூன்று மாதமாக உப்பைக் குறைத்திருக்கிறீர்கள், இல்லாவிட்டால் இன்னும் ஏறியிருக்கும், வாரக் கடைசியில் வந்து இன்னொரு தடவை பார்க்கலாம் என்றார் அவர்.

மருந்துக் கடையைத் தாண்டும்போது கணவரின் நடை தன்னையறியாமல் மெதுவாயிற்று. அவள் முழங்கையைப் பிடித்து லேசாக இழுத்தாள். இருவரும் நேராகக் காய்கறிக் கடைக்குப் போய், பீன்ஸை ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்துப் பொறுக்கினார்கள்.