தகடு இல்லாத கன்று

தண்டும் வேரும் சேர்கிற இடத்துக்கு இரண்டு விரல் கீழே கோடாலி விழ வேண்டும். கொஞ்சம் மேலே விழுந்தாலும் உண்ணிச்செடி மறுபடி துளிர்த்துவிடும். வெட்டியது ஒன்று, வருவது ஐந்து. அண்ணி குனிந்து, முள் குத்தாத இடமாகப் பார்த்து இடது கையால் தண்டைப் பிடித்து, வலது கையால் ஒரே போடு போட்டாள். செடி கையோடு வந்தது. மண்ணை உதறி, தலைகீழாகத் திருப்பி, குவியலின் மேல் வைத்தாள். வேர் வானத்தைப் பார்த்து இருக்க வேண்டும். தரையில் பட்டால் அப்படியே பிடித்துக்கொள்ளும்.

"இதுக்கு இருக்கிற ரோஷத்துல கால்வாசி எங்க வீட்டுக்காரருக்கு இருந்தா, நான் ஏன் அண்ணி இந்த முள்ளுல கிடக்கிறேன்?" என்றாள் நாத்தனார்.

"இருந்தாலும் நீ வந்திருப்ப. வீட்டுல உன் பேச்சைக் கேட்க யார் இருக்கா?"

நாத்தனாருக்கு அங்கே ரேடியோ என்று பெயர். காலையில் கோடாலியைக் கையில் எடுக்கும்போது திறக்கிற வாய், சாயங்காலம் கோடாலியைக் கொட்டகையில் வைக்கும்போதுதான் மூடும். அவள் 'அண்ணி, அண்ணி' என்று நாள் முழுக்கக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, சூப்பர்வைசர் பையனிலிருந்து தண்ணீர் லாரி டிரைவர்வரை எல்லோருக்கும் இவள் அண்ணியாகிவிட்டாள். டிரைவருக்கு இவளைவிடப் பத்து வயது கூட. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

அந்தச் சரிவு ஒரு காலத்தில் காடாக இருந்தது. மரம் வெட்டுகிற கம்பெனி வந்து வெட்டிவிட்டுப் போனது. அதன் பிறகு, எந்தத் தேசத்திலிருந்தோ யாரோ கொண்டுவந்து பங்களா வாசலில் அழகுக்கு வைத்த இந்தப் பூச்செடி சரிவு முழுக்க ஏறிக்கொண்டது. ஆடு வாய் வைக்காது. அடியில் புல் முளைக்காது. காட்டைத் திரும்ப வளர்க்கிறோம் என்று ஒரு டிரஸ்ட் ஆட்கள் வந்து, இரண்டு வருடம் அதைப் பிடுங்கி, அங்கங்கே குவியல் போட்டு, சுத்தம் செய்த இடத்தில் நானூறு கன்றுகள் நட்டிருந்தார்கள். இருபது வரிசை, வரிசைக்கு இருபது. நாவலும் அத்தியும், இந்த மண்ணிலேயே முன்பு இருந்த மரங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குச்சி, குச்சியில் நம்பர் போட்ட தகரத் தகடு. பிடுங்க வந்த கூட்டம் போய்விட்டது. கன்றுகளுக்குத் தண்ணீர் விடவும், மறுபடி தலைகாட்டுகிற உண்ணியைப் பிடுங்கவும் இவர்கள் இரண்டு பேரை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

இதற்கு முன்னால் இரண்டு பேரும் மீன் கம்பெனியில் ஐஸில் கையை விட்டுக்கொண்டிருந்தவர்கள். விடியற்காலை நாலு மணி பஸ். பத்து மணி நேரம் ஐஸ். அண்ணியின் வலது கையில் இரண்டு விரல்கள் இன்னும் காலையில் மடங்காது. சுடுதண்ணீரில் நனைத்து ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள். இந்தச் சரிவு வீட்டிலிருந்து நடந்து வருகிற தூரம். வெயிலில் விரல்கள் தானாகவே இளகின. இந்த வேலை போனால் திரும்ப ஐஸ்தான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ரேடியோகூட அதைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

கோடை தொடங்கியதும் கன்றுகள் சாகத் தொடங்கின. தண்ணீர் லாரியால் பத்தாவது வரிசைக்கு மேல் ஏற முடியவில்லை. இரண்டு பேரும் குடத்தில் சுமந்து பார்த்தார்கள்; பத்து நாளில் இடுப்பு விட்டுப்போயிற்று. 'மேல் பத்து வரிசை, தண்ணீர் இல்லை' என்று சூப்பர்வைசர் பையன் பதிவேட்டில் எழுதிக்கொண்டான். பொய் எழுதத் தெரியாத பையன்.

செத்த கன்று ஒன்றை அண்ணி தோண்டி எடுத்தாள். வேர் மண்ணுக்குள் இறங்கவே இல்லை. நர்சரியில் இருந்த கறுப்புப் பைக்குள் எப்படிச் சுருண்டு சுருண்டு கிடந்ததோ, அப்படியே பையின் உருவத்தில் இருந்தது.

"தம்பி, இதைப் பாருங்க. பையிலேயே ரொம்ப நாள் வெச்சிருந்திருக்காங்க. தண்ணி விட்டாலும் இது பிழைக்காது."

பையன் பார்த்தான். தலையைச் சொறிந்தான். "நர்சரிக்காரங்க பெரிய இடம் அண்ணி. நான் மாசாமாசம் புதுப்பிக்கிற ஆளு. என்னால என்ன கேட்க முடியும்?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவள் அந்தச் செத்த கன்றைக் குவியலுக்குப் பின்னால் போட்டாள்.

அப்போதுதான் குவியலின் அடியில் அதைப் பார்த்தாள். வானம் பார்த்து நீட்டிக்கொண்டிருந்த காய்ந்த வேர்களில் குருவிகள் வந்து உட்காரும். எங்கேயோ பழம் தின்றுவிட்டு வந்து இங்கே எச்சம் போடும். குவியலின் நிழலில் ஈரம் காயவில்லை. அந்த ஈரத்தில், யாரும் நடாமல், யாரும் தண்ணீர் விடாமல், விரல் உயரத்திலும் சாண் உயரத்திலும் நாவல் கன்றுகள் நின்றன. இன்னொரு குவியலைத் தூக்கிப் பார்த்தாள். அங்கே அத்தி. அவளுக்குச் சிரிப்பு வந்தது. நாத்தனாரைக் கூப்பிடாமல் கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவற்றின் பக்கம் உண்ணி தலைகாட்டினால் முதலில் அதைத்தான் பிடுங்கினாள்.

கோடை முடிகிற சமயத்தில் பையன் வந்து சொன்னான்: "பன்னிரண்டு நாள்ல டிரஸ்ட் மேடம் கணக்கெடுக்க வராங்க. நூத்துக்கு எண்பது உயிரோட இருக்கணும். குறைஞ்சா ஆளை மாத்தணும்னு ரூல்."

அவன் போனதும் இரண்டு பேரும் வரிசை வரிசையாக நடந்து எண்ணினார்கள். செத்தது நூற்றுமுப்பத்தெட்டு. முக்கால்வாசி மேல் வரிசைகளில். ரேடியோ வாயே திறக்கவில்லை. அதைக் கண்டுதான் அண்ணி இன்னொரு தடவை முதலிலிருந்து எண்ணினாள்.

மறுநாள் முதல் மழை பெய்தது. மழை விட்டதும் நாத்தனார் குவியல் பக்கமாகக் கையைக் காட்டினாள்.

"அண்ணி, அங்க இருக்கிறதை இங்க வெச்சா என்ன?"

"ஏமாத்து வேலை."

"என்ன ஏமாத்து? கன்னுக்குக் கன்னு. நாவல் குழியில நாவல், அத்தி குழியில அத்தி. நாம என்ன பிளாஸ்டிக் செடியா வைக்கப்போறோம்? அவங்களுக்குக் காடு வேணும். இதுவும் காடுதானே?"

அண்ணி பாதையை ஒரு தடவை பார்த்தாள். மண்வெட்டியை எடுத்தாள்.

ஆறு நாள், பையன் வருவதற்கு முன்னால், காலை வெளிச்சத்தில் செய்தார்கள். வேர் அறுந்துவிடாமல் ஒரு முழம் ஆழத்துக்குத் தோண்டி, மண்கட்டியோடு தூக்கி, ஈரச் சாக்கில் வைத்து, பிள்ளையைத் தூக்குவதுபோல் நெஞ்சோடு அணைத்து மேலே ஏறினார்கள். எந்தக் குழியில் எது இருந்தது என்று அண்ணிக்கு மனப்பாடம். இருப்பதிலேயே நல்ல கன்றுகளை மேல் வரிசைகளுக்குக் கொடுத்தாள். அங்கேதானே அதிகம் செத்திருந்தது. சின்னதை எல்லாம் கீழே வைத்தாள். ஒரு தகடுகூட இடம் மாறவில்லை.

மேடம் வந்தாள். நல்ல மாதிரி. மழைச் சேற்றில் ஷூவைப் பற்றிக் கவலைப்படாமல் நடந்தாள். ஒவ்வொரு தகடாகக் குனிந்து பார்த்து, கையிலிருந்த டேப்லெட்டில் தட்டிக்கொண்டே போனாள். நானூறில் முந்நூற்றெண்பத்தொன்பது உயிரோடு இருந்தன. ரேடியோ அண்ணியின் முதுகில் விரலால் குத்தினாள்.

மேல் வரிசையில் மேடம் நின்றுவிட்டாள். "இங்கதான் ரொம்ப நல்லா வந்திருக்கு! கீழ இருக்கிறதைவிடத் தெம்பா இருக்கே. இதுக்கு எத்தனை நாளைக்கு ஒரு தடவை தண்ணி?"

பையன் பதிவேட்டைப் புரட்டிக் காட்டினான். மேடம் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். "நாலு மாசமா தண்ணியே இல்லையா?" என்றாள். கன்றைத் தொட்டுப் பார்த்தாள். டேப்லெட்டில் நீளமாக என்னவோ எழுதினாள். போகும்போது இரண்டு பேரின் கையையும் பிடித்துக் குலுக்கினாள்.

அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ரேடியோ பாட்டுப் பாடினாள். அண்ணியும் ஓரிடத்தில் சேர்ந்துகொண்டாள்.

ஐந்தாம் நாள் பையன் ஒரு காகிதத்தோடு வந்தான். முகம் சரியில்லை.

"நூத்துக்குத் தொண்ணூத்தேழு. எங்கேயும் இப்படி வந்ததில்லையாம். நர்சரிக்குப் பாராட்டு. அடுத்த வருஷம் அவங்ககிட்டயே ஆயிரத்து அறுநூறு கன்னு வாங்கறாங்க."

"நாங்க?" என்றாள் ரேடியோ.

பையன் காகிதத்தைப் பார்த்தபடியே சொன்னான். "தண்ணி விட்டதைவிட விடாததுதான் நல்லா வந்திருக்காம். அதனால பராமரிப்புக்கு ஆளு தேவையில்லைன்னு போட்டிருக்காங்க. இந்த மாசத்தோட முடியுது."

அண்ணி கோடாலியைக் கீழே வைத்தாள். அவனைக் குவியலுக்குப் பின்னால் கூட்டிப்போய், பிடுங்கிப் போட்டிருந்த செத்த கன்றுகளைக் காட்டினாள். நூற்றுமுப்பத்தெட்டு, பை உருவத்தில் சுருண்ட வேர்களோடு. நடந்ததைச் சொன்னாள். பையன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"இதைச் சொன்னா நூத்துக்கு அறுபத்தஞ்சு அண்ணி. அப்பவும் உங்களை மாத்தணும்னுதான் ரூல். என்னையும் சேர்த்து."

"மேடத்துக்குப் போனைப் போடுங்க தம்பி. உங்க பேரை இழுக்க மாட்டேன். மேல இருக்கிற கன்னு எங்கேயிருந்து வந்துதுன்னு மட்டும் சொல்றேன்."

அவன் யோசித்தான். பிறகு போட்டுக் கொடுத்தான். அண்ணி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், மேல் வரிசையில நல்லா இருக்கே, அதெல்லாம் நர்சரிக் கன்னு இல்லைங்க. இந்தச் சரிவுலயே குவியல் அடியில தானா முளைச்சது. குருவி போட்ட விதை. நாங்கதான் பார்த்துப் பார்த்து வெச்சிருந்தோம். நர்சரிக் கன்னுக்கு வேர் சரியில்லைங்க. ஆளு இல்லாம விட்டா அடுத்த வருஷம் எல்லாம் போயிடும்."

மேடத்தின் குரல் அன்பாகத்தான் வந்தது. "நீங்க எவ்வளவு பாடுபட்டிருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்மா. வேலை போகுதுன்னா யாருக்கும் கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா நீங்களே யோசிச்சுப் பாருங்க. தானாவே முளைச்சு வருதுன்னா, அதுக்கு ஆளு எதுக்கு?"

அண்ணி போனைப் பையனிடம் திருப்பிக் கொடுத்தாள். அவளுக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. அந்த அம்மா திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

கடைசி நாளன்று டிராக்டர் வந்து குவியல்களை அள்ளியது. மறுவாரம் பணம் கொடுக்கிற பெரிய மனிதர்கள் சரிவைப் பார்க்க வருகிறார்களாம். குவியல் இருந்த இடங்களில் மண் கறுப்பாக, ஈரமாகக் கிடந்தது. அதில் எடுத்தது போக மீதிக் கன்றுகள் நின்றன. நிழல் போனதும் வெயிலில் அவற்றின் இலைகள் லேசாகத் தொங்கின.

பையன் மெதுவாக வந்து நின்றான். "அண்ணி, தகடு இல்லாதது எதுவும் நிற்கக்கூடாதாம். பேப்பர்ல நானூறுன்னா தரையிலயும் நானூறுதான் இருக்கணும். குறைஞ்சாலும் கேள்வி, கூடினாலும் கேள்வி."

"இது களை இல்லை தம்பி."

"எனக்குத் தெரியுது. தகடு இல்லாததைக் களைன்னுதான் எழுதியிருக்காங்க." அவன் குரல் இறங்கியது. "இன்னைக்குக் கூலியும் அதுக்குத்தான் அண்ணி."

ரேடியோ தொங்கிய இலை ஒன்றை விரலால் நிமிர்த்திப் பார்த்தாள். குழியில் வைக்கலாம் என்றால், செத்திருந்த பதினொன்றுக்கும் பதில் கன்று நர்சரியிலிருந்தே வருகிறதாம். வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றால், ஒற்றை அறை வீட்டில் காடு வைக்க எங்கே இடம்?

அண்ணி குனிந்தாள். சாண் உயர நாவல் ஒன்றை அடியில் பிடித்து இழுத்தாள். மழை ஈரத்தில் மண் விட்டுக்கொடுத்தது. வேர் வந்துகொண்டே இருந்தது, ஒரு வளைவு இல்லாமல், கன்றைப்போல் இரண்டு மடங்கு நீளத்துக்கு. அவள் மண்ணை உதறினாள். பழகிய கை அதைத் தலைகீழாகத் திருப்பி, வேர் வானத்தைப் பார்க்கத் தரையில் வைத்தது.

மத்தியானத்துக்குள் அப்படி ஒரு வரிசை சேர்ந்துவிட்டது. கீழே பாதையில் நர்சரி லாரி வந்து நின்று, கறுப்புப் பைகளை இறக்கிக்கொண்டிருந்தது.