பூ நிற்காத தலை

சாயங்காலம் ஆனால் வனஜா முகம் கழுவிக்கொண்டு வந்து கண்ணாடி முன் நின்றுவிடுவாள். அறுபத்திரண்டு வயது. முடி பாதிக்கு மேல் நரைத்துவிட்டது, ஆனாலும் இடுப்பைத் தொடும். அதைச் சிக்கெடுத்து வாரிக் கொண்டை போடுவாள். கொஞ்சம் பவுடர், பெரிய குங்குமப் பொட்டு, கொண்டையில் ஒரு முழம் கனகாம்பரம். பிறகு ஊன்றுகோலோடு நடக்கும் கீழ் வீட்டு மௌரீனோடு அல்சூர் ஏரிக்கரைக்கு நடக்கப் போவாள்.

அவள் புருஷன் இராஜமாணிக்கம் பேப்பருக்கு மேலே தலையை நீட்டிப் பார்ப்பார். ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரையாவது ஒரு சொல் சொல்லாவிட்டால் அவருக்குப் பொழுது போகாது.

"யாரைப் பாக்கப் போற, இவ்ளோ மேக்கப்பு?"

"ஏரியைப் பாக்கப் போறேன்."

"ஏரிக்கு உன் பொட்டு தெரியுமா?"

மகன் பாலகுமாரும் சிரிப்பான். "விடுப்பா, மிஸ் அல்சூர் கிளம்பிட்டாங்க" என்பான். வனஜாவும் கூடச் சிரித்துவிட்டுச் செருப்பை மாட்டுவாள். இந்தச் சிரிப்பு எல்லா வீட்டிலும் இருக்கிறது. யாரும் அதைத் தப்பென்று நினைப்பதில்லை.

ஒரு மழைநாளில் வனஜா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பும்போது டாக்டர் கறாராகச் சொன்னார்: "வாக்கரைப் புடிச்சுத் தினமும் நிக்கணும், நடக்கணும். படுத்தே இருக்க விட்டீங்கன்னா அப்புறம் எழுந்திரிக்கவே மாட்டாங்க."

வனஜா நின்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் வரைக்கும் வாக்கரைத் தள்ளினாள். பயிற்சி கொடுக்க வந்த பெண்ணிடம், "அடுத்த மாசம் மார்க்கெட் முனைக்குப் போய் நானே பூ வாங்கணும்மா, இவர் வாங்கிட்டு வர்றது வாடிக் கிடக்குது" என்றாள். தலையணைக்குப் பக்கத்தில் சீப்பும் கைக்கண்ணாடியும் வைத்திருந்தாள்.

பாலகுமாரும் அவன் மனைவி வித்யாலட்சுமியும் காலையில் கம்பெனி வண்டியில் வைட்ஃபீல்டுக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார்கள். பகலுக்கு ஏஜென்சியிலிருந்து ஓர் ஆயா வந்தாள். பாட்டி என்பதற்கு அவள் பாஷையில் அஜ்ஜி; வனஜாவை அப்படித்தான் கூப்பிடுவாள். கொஞ்ச நாளிலேயே அவள் முனக ஆரம்பித்தாள்.

"அய்யா, அஜ்ஜி தலையை நம்மால வார ஆகல. படுத்துப் படுத்து சடை புடிச்சுப் போச்சு. பேன் வேற. கட் பண்ணிடுங்க. இல்லாட்டி நாளைலேந்து வேற ஆளைப் பாத்துக்கோங்க."

ஆயா நின்றுவிட்டால் இன்னொருத்தி கிடைப்பது கஷ்டம். பாலகுமார் டை கட்டிக்கொண்டே, "வெட்டிடலாம்ப்பா, பிராக்டிகலா யோசிங்க" என்றான். வித்யாலட்சுமி மட்டும் வாசலில் நின்றாள்.

"மாமா, அத்தைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

கீழே வண்டி ஹாரன் அடித்தது. அவள் ஓடிவிட்டாள்.

தெருமுனை சலூன்காரர் கிருஷ்ணப்பா பையோடு வந்தார். ஆண்களுக்கு மட்டுமே கத்திரி பிடித்தவர். கட்டிலைப் பார்த்ததும் பின்வாங்கினார்.

"சார், சுமங்கலிம்மா. நீங்க கண்ணெதிர்ல இருக்கும்போது நான் எப்படி சார் கத்திரி வைக்கிறது?"

"கண்ணெதிர்ல இருக்கறதாலதான் சொல்றேன். வெட்டுப்பா."

வனஜா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாங்க. நானே வாரிக்கிறேன். எவ்ளோ நேரமானாலும் ஆகட்டும்."

"உனக்குக் கை எட்டாதுடி. படுத்த படுக்கையில கெடக்கற. உன்னை யார் பாக்கப் போறாங்க?"

அவள் கையை எடுத்துவிட்டாள். கிருஷ்ணப்பா கத்திரியை எடுத்தார். பழைய பேப்பரில் விழுந்த முடியை ஆயா சுருட்டி, காய்கறித் தோல் கிடந்த பக்கெட்டில் போட்டாள். வனஜா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் பயிற்சிக்காரப் பெண் வந்தபோது, தலை சுற்றுகிறது என்றாள் வனஜா. அடுத்த முறை வலிக்கிறது என்றாள். அதற்கடுத்த முறை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மூலையில் நின்ற வாக்கரில் ஆயா ஈரத்துண்டு உலர்த்த ஆரம்பித்தாள். கைக்கண்ணாடி கட்டிலுக்கு அடியில் போயிற்று.

மைசூரிலிருந்து இராஜமாணிக்கத்தின் தங்கை சீதாலட்சுமி பார்க்க வந்தாள்.

"என்னண்ணா, அண்ணி தலை இப்படி?"

இராஜமாணிக்கத்துக்கு நாக்கு புரண்டது. "திருப்பதிக்கு வேண்டிக்கிட்டா. கால் நல்லாகணும்னு."

"அண்ணிக்கு என்ன பக்தி" என்று சீதாலட்சுமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு வந்தவர்கள் எல்லோருக்கும் அதே கதைதான். சொல்லச் சொல்ல அவருக்கே சுலபமாகிவிட்டது.

தங்கை போன பிறகு வனஜா சுவரைப் பார்த்தபடியே பேசினாள். "சாமியை ஏன் இழுத்தீங்க? சாமி கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன். நீங்க கேக்கவே இல்லையே."

சென்னையில் மகன் டென்சில் வீட்டுக்குப் போயிருந்த மௌரீன் திரும்பி வந்தாள். மாடிப்படியில் ஊன்றுகோல் சத்தம் கேட்டதும் வனஜா புடவையைத் தலைக்கு மேல் இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். "அப்புறம் வா மௌரீன், தூக்கம் வருது" என்றாள். மௌரீன் புடவை ஓரத்தைப் பார்த்தாள். வெட்டிய முடி அங்கே தெரிந்தது. வெளியே வந்து இராஜமாணிக்கத்தின் முன் நின்றாள்.

"என்ன மேன் இது?"

"ஆயா வாரமாட்டேன்னுட்டா. என்னை என்ன பண்ணச் சொல்ற?"

"போன வருஷம் எனக்கும் இதே எடத்துல எலும்பு போச்சு. டாக்டருக்காகவா எழுந்தேன்? சண்டே லிப்ஸ்டிக் போட்டுட்டு சர்ச்சுக்குப் போகணும், அவ்ளோதான். என்னைப் பாத்து நீ சிரிப்பே, எனக்குத் தெரியும். சிரிச்சுக்கோ. நான் நடக்கறேன்."

இராஜமாணிக்கத்துக்குக் கோபம் வந்தது. பிறகு கோபம் போய் பயம் வந்தது. அன்று சாயங்காலம் மார்க்கெட்டுக்குப் போய் வாடாத கனகாம்பரமாகப் பொறுக்கி வாங்கி வந்தார். உலர்த்தியிருந்த துண்டுகளை எடுத்துவிட்டு வாக்கரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

"வனஜா, எழுந்திரு. ஜன்னல் வரைக்கும் போலாம். நான் புடிச்சுக்கிறேன்."

அவள் பூவைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை.

"எழுந்து எங்க போகணும்? என்னை யார் பாக்கப் போறாங்க?"

பூ தலையணைப் பக்கத்திலேயே கிடந்து காய்ந்தது.

முதலில் முதுகில் புண் வந்தது. பிறகு நெஞ்சில் சளி கட்டியது. டாக்டர் சொன்னது அப்படியே நடந்தது. மார்கழிக் குளிரில் ஒரு விடியற்காலை வனஜா போய்விட்டாள்.

சுமங்கலியாகப் போனவள். பெண்கள் கூடி மஞ்சள் பூசி, பட்டுப்புடவை சுற்றி, பெரிய குங்குமம் வைத்தார்கள். தலை நிறையப் பூ வைக்க வேண்டும். முடி காதளவுகூட வளர்ந்திருக்கவில்லை. ஹேர்பின் குத்தினால் வழுக்கிக்கொண்டு வந்தது. கனகாம்பரமும் மல்லிகையும் தரையில் விழுந்தன. எடுத்து வைத்தார்கள், மறுபடியும் விழுந்தன. கடைசியில் மௌரீன் தரையில் உட்கார்ந்து, தலையைச் சுற்றி நூலால் பூவைக் கட்டினாள். கட்டுப்போட்ட காயம் மாதிரி இருந்தது.

சீதாலட்சுமி மூக்கைச் சிந்தினாள். "புண்ணியவதி. முடியைச் சாமிக்குக் குடுத்துட்டுல்ல போயிருக்கா."

இராஜமாணிக்கம் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"சாமிக்கு இல்ல சீதா. நான்தான் வெட்டினேன். வேணாம்னு கெஞ்சினா, கேக்காம வெட்டினேன்."

"என்னப்பா இப்போ போய்..." என்று பாலகுமார் அவர் தோளைப் பிடித்தான். அவர் அவன் கையைத் தள்ளினார்.

"உன்னை யார் பாக்கப் போறாங்கன்னு கேட்டேன். இப்போ பாருங்க, தெருவே வந்து பாக்குது. அவளுக்குத்தான் தெரியல. உங்க வீட்டுலயும் வயசானவங்க இருக்காங்க. அவங்க கண்ணாடி முன்னாடி நின்னா கிண்டல் பண்ணாதீங்க. நாளைக்கும் இருக்கணும்னு நெனைக்கறவதான் இன்னைக்குத் தலையை வாருவா. நான் முடியை வெட்டல. அந்த நெனைப்பை வெட்டிட்டேன். அதுக்கப்புறம் அவளை நிக்க வைக்க எந்த டாக்டராலயும் முடியல."