பெர்னடெட்டுக்கு லீவு கிடைத்த விதம்

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் சங்கம் ஒரே ஒரு வேலைதான் செய்கிறது. சாகக் கிடப்பவர்கள் தனியாகச் சாகக்கூடாது என்று, வீட்டுக்குத் தொண்டர்களை அனுப்பிப் பக்கத்தில் உட்கார வைக்கிறது. அந்தத் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்து, யார் எந்த வீட்டுக்கு என்று ஏற்பாடு செய்பவள் பெர்னடெட். நான் அடுத்த மேசையில் கணக்கு எழுதுகிறேன்.

பண்டமாரானில் அவளோடு இருந்த அம்மா மார்க்கிரட்டுக்கு நுரையீரல் கெட்டுப் போயிருந்தது. மார்ச் மாதம் டாக்டர் கைவிரித்தபோது, பெர்னடெட் அந்த வருடத்து லீவு முழுவதையும் எடுத்துப் பக்கத்திலேயே இருந்தாள். அம்மா பிழைத்துக்கொண்டார். லீவு போனது போனதுதான். இப்போது மறுபடியும் கைவிரித்துவிட்டார்கள்.

சம்பளமில்லாத லீவு கேட்டு அவள் செயலாளர் வீரசிங்கத்திடம் போனாள். அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் லீவு விதிகளை எழுதிய புண்ணியவான் அவர்தான். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். எனக்கு ஆத்திரமே அதில்தான்.

"எந்தத் தேதி வரைக்கும்மா?" என்றார்.

"தெரியல சார். டாக்டராலயே சொல்ல முடியல."

"முடியிற தேதி இல்லாம அன்பெய்ட் லீவு குடுக்க ரூல்ஸ்ல இடம் இல்லையே."

"ரெண்டு வாரம்னு போடுங்க சார்."

"ரெண்டு வாரத்துல முடியலன்னா? எக்ஸ்டென்ஷன் கேப்பீங்க. அதுக்கும் ரூல்ஸ் இல்ல. அம்மாவுக்கு எல்லாம் முடிஞ்ச பிறகு கம்பேஷனேட் லீவு இருக்கு, சம்பளத்தோட. அத யாரும் தடுக்க முடியாது லா."

வேலையைத் தூக்கி எறிந்துவிட்டுப் போக அவளுக்கு வழியில்லை. அம்மா மூச்சுவிடும் மெஷினுக்கு வாடகை அவள் சம்பளத்திலிருந்துதான் போகிறது.

வீரசிங்கத்துக்கு மனம் இளகிவிட்டது. "நம்ம வாலண்டியர் ஒருத்தர அம்மாகிட்ட அனுப்புங்களேன். ஸ்டாஃப் ஃபேமிலிக்கும் நம்ம சேவை உண்டு" என்றார். அப்போது அவர் முகத்தில் தெரிந்த பெருமையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அப்படித்தான், பெற்ற தாயின் பக்கத்தில் உட்கார அவளே ஓர் ஆளை ஏற்பாடு செய்தாள். பக்கத்துக் கிள்ளானில் இருக்கும் சந்திரகலா ஆன்டி, ஓய்வு பெற்ற ஆசிரியை, தங்கமானவர். காலையில் அவர் வீட்டுக்குள் வருவார், பெர்னடெட் வேலைக்குக் கொமுட்டர் ரயில் பிடிக்க வெளியே ஓடுவாள். பகலெல்லாம் அடுத்தவர்களின் அம்மாக்களுக்கு ஆள் தேடிப் போன் பேசிக்கொண்டிருப்பாள்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் ஆன்டி போன் செய்து, அம்மா போய்விட்டதைச் சொன்னார். பெர்னடெட்டை நான் என் காரில் அழைத்துப் போனேன். பாதி வழியிலேயே வீரசிங்கத்தின் மெசேஜ் வந்துவிட்டது. ஆழ்ந்த அனுதாபம், கம்பேஷனேட் லீவு அப்ரூவ்ட். அவள் அதைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வீட்டில் ஆன்டி இன்னும் அம்மாவின் கையை விடாமல் உட்கார்ந்திருந்தார். எழுந்து ஆறுதல் சொன்னார், பாவம், அவருக்கு என்ன தெரியும்.

"கஷ்டப்படாமத்தான் போனாங்கம்மா. கண்ணு சரியா தெரியல போல. என்னப் பாத்து, பெர்னியான்னு கேட்டாங்க. நீங்க ட்ரெய்னிங்ல சொல்லிக் குடுத்த மாதிரி நான் மறுத்துப் பேசல. ஆமாம்மான்னு சொன்னேன்."

ஆன்டி விட்ட கையைப் பெர்னடெட் எடுத்து வைத்துக்கொண்டாள். "அப்புறம்?"

"வேலைக்குப் போகலயான்னு கேட்டாங்க. லீவு குடுத்துட்டாங்கன்னு சொன்னேன். அவங்களுக்கு அவ்வளவு சந்தோஷம்."