வால் இல்லாத ஒரு பெயர்

அலுவலகத்தில் அவளுக்கு வாலு என்று பெயர். குறும்பு செய்து வாங்கிய பெயர் இல்லை. அவள் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசினாலே அதிசயம். எல்லாவற்றுக்கும் வால் வைக்கிறாள் என்று மீசைதான் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தான். மீசைக்குப் பெயர் எப்படி வந்தது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. அவன் அறைக்குள் நுழையும் முன்பே அது நுழைந்துவிடும்.

சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறைகள், அதுதான் அலுவலகம். ஜன்னலோரம் அவள், கதவோரம் மீசை, உள் அறையில் முதலாளியம்மா. கோழிக்குஞ்சு பொரிக்கும் பண்ணைகளுக்குப் புரோகிராம் எழுதிக் கொடுப்பது அவர்கள் வேலை. அடை உட்கார்ந்த கோழி என்னென்ன செய்யுமோ அத்தனையையும் ஒரு பெட்டி செய்ய வேண்டும். சூடு குறையக் கூடாது, காற்று உலரக் கூடாது, முட்டை அடுக்கிய தட்டை அவ்வப்போது சாய்த்துப் புரட்டிவிட வேண்டும். பெட்டிக்கு மூளை கிடையாது. மூளை இவர்கள் எழுதுவதுதான்.

அந்த எழுத்தில் வருகிற ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பெயர் வேண்டும். முன்பெல்லாம் வந்தவர் போனவரெல்லாம் வாய்க்கு வந்ததை வைத்துவிட்டுப் போனார்கள். ஒருவர் சூடு என்பார், இன்னொருவர் வெப்பம் என்பார், அவசரக்காரர் ஒருவர் வெறும் ‘வெ’ என்று எழுதியிருப்பார். மொட்டைத் தாத்தா குட்டையில் விழுந்தார் என்கிற கதைதான். எந்தத் தாத்தா, எந்தக் குட்டை என்று கேட்டால் எழுதியவருக்கே தெரியாது. அவள் வந்த பிறகுதான் ஒரு முறை வந்தது. முதலில் பண்ணையில் எந்த அறை, அப்புறம் என்ன விஷயம், கடைசியில், வானமே இடிந்து விழுந்தாலும் விடாமல், அது எந்த அளவில் என்பது. டிகிரியா, கிராமா, நிமிடமா, விநாடியா. அந்தக் கடைசிச் சொல்லைத்தான் மீசை வால் என்றான்.

“அறை மூன்று தட்டு புரட்டும் இடைவெளி விநாடி,” என்று அவன் ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி படிப்பான். “இது பேரா, ரயிலா? கடைசிப் பெட்டி வர்றதுக்குள்ள இன்ஜின் எதுன்னு மறந்துபோகுது.”

“ரயில்னாலும் ஊர் போய்ச் சேருதில்ல?” என்பாள் அவள், திரும்பாமலேயே.

காலையில் மற்றவர்கள் வருவதற்கு முன் அவள் புரோகிராமைத் திறந்து சும்மா மேலிருந்து கீழே பார்ப்பாள். வாசலில் செருப்புகளை ஜோடி ஜோடியாக அடுக்கி வைத்த வீடு போல இருக்கும். எந்த வரியில் கை வைத்தாலும் அது யார், எங்கே இருக்கிறது, எதற்கு என்று தானாகச் சொல்லும். இதைப் பார்த்து நெஞ்சு நிமிர்கிறது என்று யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். அதனால் சொல்லவில்லை. பார்த்துவிட்டு மூடிவைத்து, எல்லோரும் வந்த பிறகு புதிதாகத் திறப்பது போலத் திறப்பாள்.

அவளுக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை என்று முடிவான வாரத்தில்தான் மீசை உள் அறைக்குப் போய் நியாயம் கேட்டான்.

“ஒரு மணி நேர வேலைக்கு அரை நாள் ஆகுதும்மா. எழுதறதைவிடப் பேர் வைக்கத்தான் நேரம் போகுது. இது ஆபீசா, இல்ல தொட்டில் கட்டற இடமா?”

முதலாளியம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “நீ முதல்ல கண்ணைப் பார்த்துக்கிட்டு வாம்மா. வந்ததும் இந்த ரூல் இருக்கட்டுமா வேண்டாமான்னு முடிவு பண்ணலாம். அதுவரைக்கும் புதுசா எழுதறது அவங்கவங்க இஷ்டம்.”

“சரிம்மா,” என்றாள். படியிறங்கும்போது, கண்ணுக்குள் மிதந்த கரும்புள்ளியைவிட அந்த ‘இஷ்டம்’தான் அதிகமாக உறுத்தியது. திரும்பி வரும்போது என்ன மிச்சம் இருக்குமோ? செருப்பெல்லாம் ஒற்றை ஒற்றையாகக் கிடக்குமோ?

அறுவை முடிந்தது. வலக்கண்ணில்தான் கத்தி பட்டது என்றாலும், இடது அசைந்தால் வலதும் அசையும் என்று டாக்டர் இரண்டையும் சேர்த்தே கட்டிவிட்டார். துணைக்கு அக்கா லீவு போட்டு வந்திருந்தாள். அக்கா பஸ் கண்டக்டர். அவள் காதோடு ரகசியம் பேசினால் மூன்று கட்டில் தள்ளிப் படுத்திருப்பவர் பதில் சொல்வார்.

மறுநாள் மதியம் அக்காவின் கையில் போன் அதிர்ந்தது.

“யாரோ மீசையாம்டி. எடுக்கவா, வேண்டாமா?”

“எடு. ஸ்பீக்கர்ல போடு.”

மீசையின் குரலில் வழக்கமான எகத்தாளம் இல்லை. “வாலு, உன்னைத் தொந்தரவு பண்ணக் கூடாதுதான். வேற வழியில்ல. புதுப் பண்ணையில மூணாவது அறைத் தட்டு புரளலை. மோட்டார் சூடாகித் தானா நின்னுடுது. மோட்டாரையே மாத்தியாச்சு, அதுவும் நின்னுடுச்சு. பண்ணையம்மா ஆளுங்களை வச்சுக் கையாலயே தட்டைச் சாய்ச்சிட்டு இருக்காங்க. எத்தனை நேரம் முடியும்? அறை முழுக்க முட்டை. முதல் வாரம் வேற.”

முதல் வாரத்தில் புரட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு எவ்வளவு சூடு கொடுத்தும் பயனில்லை.

“முதலாளியம்மா?”

“வெளியூர்ல இருக்காங்க. காலையிலருந்து இதையே பார்த்துப் பார்த்து எனக்குக் கண்ணு பூத்துப்போச்சு.”

“உங்களுக்குக் கண்ணு பூத்துப்போச்சு, இவளுக்குக் கண்ணையே கட்டிப்போட்டிருக்கு,” என்றாள் அக்கா. “நல்லா ஆள் பார்த்துக் கேட்டீங்க!”

“அக்கா, சும்மா இரு,” என்றாள் அவள். பிறகு போனிடம், “தட்டு புரட்டற பகுதியைத் திற. சத்தமா வாசி. ஒரு பேரையும் சுருக்காதே.”

“ரயில் முழுசுமா?”

“கடைசிப் பெட்டி வரைக்கும்.”

மீசை வாசித்தான். அறை ஒன்று, தட்டு, புரட்டும் இடைவெளி, விநாடி. அறை ஒன்று, மோட்டார் சூடு, டிகிரி. இருட்டில் ஒவ்வொரு பெயரும் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. கண்ணால் பார்க்கும்போதுகூட இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை என்று தோன்றியது. அறை இரண்டு வந்தது, போனது. குறை ஒன்றுமில்லை.

“அறை மூன்று தட்டு புரட்டும் இடைவெளி விநாடி, சமம், இ.”

அவளுக்குப் புரிந்துவிட்டது.

வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். அக்கா ஏதோ கேட்க வருவது மூச்சிலேயே தெரிந்தது. அக்காவின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்து அழுத்தினாள். நான் சொன்னால், வாலு கெட்டிக்காரி என்பான், அதோடு போச்சு. பெயரே அவனிடம் சொல்ல வேண்டும். அங்கே ஆட்கள் கை வலிக்கத் தட்டைச் சாய்த்துக்கொண்டிருப்பதும் நினைவுக்கு வந்தது. இன்னும் ஒரு வரி. அதற்குள் பார்க்காவிட்டால் சொல்லிவிட வேண்டியதுதான்.

மீசை அடுத்த வரிக்குப் போகவில்லை.

“புரட்டும் இடைவெளி... விநாடி... சமம்... இ.” நாற்காலி கிறீச்சிட்டது. “வாலு.”

“ம்.”

“இந்த ‘இ’க்கு வால் இல்ல.”

அவள் அக்காவின் மணிக்கட்டை விட்டாள்.

“ஐயோ! நான் போன வாரம் சேர்த்ததுதான் இது. இடைவெளியைப் பண்ணையம்மாவே போன்ல மாத்திக்கட்டும்னு ஒரு திரை போட்டேன். அவங்க அறுபதுன்னு போட்டிருக்காங்க, அறுபது நிமிஷம்னு நினைச்சு. நான் அதைக் கொண்டுபோய் விநாடியில கொட்டியிருக்கேன்! மணிக்கொரு தடவை புரளவேண்டிய தட்டு நிமிஷத்துக்கொரு தடவை புரளுது. மோட்டார் சாகாம என்ன பண்ணும்?”

“பாவம், முட்டைக்கே தலை சுத்தியிருக்கும்,” என்றாள் அக்கா.

“காலையிலருந்து இந்த வரியைத் தாண்டித்தாண்டிப் போயிருக்கேன். வாசிக்கும்போதுதான் பல்லுல கல்லு மாட்டின மாதிரி இருந்தது.” அவன் ஏற்கனவே தட்டச்சு செய்ய ஆரம்பித்துவிட்டான் என்பது சத்தத்தில் தெரிந்தது. “வச்சிடறேன். வச்சிடறேன். மோட்டாரை ஆறவிடச் சொல்லணும்.”

போன் அடங்கியது. அவள் தலையணையில் சாய்ந்தாள். கட்டுக்குள் கண்ணீர் வரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் சிரித்துவைத்தாள்.

“உனக்கு முன்னாடியே தெரியும், இல்ல?” என்றாள் அக்கா. “என் கையை இப்படி நசுக்கினியே.”

“ம்.”

“அழுத்தக்காரிடி நீ.” அக்கா கையை உதறிக்கொண்டாள். பிறகு வார்டு முழுவதற்கும் கேட்கிற மாதிரி, “கேட்டீங்களா? போர்டு இல்லாம வண்டி எடுத்தா எங்க போகுதுன்னு டிரைவருக்கு மட்டும்தான் தெரியும்! என் தங்கச்சி ஒவ்வொரு வண்டிக்கும் போர்டு மாட்டி வச்சிருக்கா. கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓடும்!”

“இது ஆஸ்பத்திரிம்மா, பஸ் ஸ்டாண்டு இல்ல,” என்று நர்ஸ் அதட்டினாள். அன்று அக்கா அடங்கவில்லை. அவளும் அடக்கவில்லை.

பொழுது சாயும் முன் தகவல் வந்தது. தட்டு புரள்கிறது, மோட்டார் குளிர்ந்திருக்கிறது.

கட்டுப் பிரித்து, கறுப்புக் கண்ணாடியோடு அவள் மறுபடி சைக்கிள் கடை மாடி ஏறிய வாரம்தான் அந்தப் பண்ணையின் மூன்றாவது அறையில் முட்டைகள் பொரிந்தன. பண்ணையம்மா கீச்கீச்சென்று ஒரு சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பியிருந்தார். முதலாளியம்மா அதை மேசையில் ஓடவிட்டு உட்கார்ந்திருந்தார். வந்ததும் முடிவு பண்ணலாம் என்று சொன்னவர், அவளைப் பார்த்ததும் கதவோரம் கையைக் காட்டினார்.

“ரூலைப் பத்தி எங்கிட்டக் கேக்காதே. அவனைக் கேளு. நீ இல்லாதப்ப என் திரையில இருந்த பேருக்குக்கூட வால் வைக்காம விடலை.”

மீசை தலையே நிமிரவில்லை. அவள் தன் இடத்தில் உட்கார்ந்து அந்த வரியைத் தேடினாள். எழுத்து இன்னும் கொஞ்சம் கலங்கித்தான் தெரிந்தது. அறை மூன்று தட்டு புரட்டும் இடைவெளி விநாடி, சமம், பண்ணை உள்ளிட்ட இடைவெளி நிமிடம், பெருக்கல்... அறுபது இருக்கும் என்று நினைத்த இடத்தில் அறுபது இல்லை. ‘ஒரு நிமிடத்தில் உள்ள விநாடி’ என்று இருந்தது. அந்த அறுபதுக்கும் அவன் பெயர் வைத்திருந்தான். அது அவளுக்கே தோன்றாதது. இத்தனை நாளும் அவளுடைய வரிகளில் அறுபது வெறும் அறுபதாகத்தான் நின்றுகொண்டிருந்தது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடி ஒருமுறை முழுதும் படித்தாள். தன் வீட்டுப் பிள்ளை முதல் பரிசு வாங்கி வந்தது போல உடம்பெல்லாம் நிறைந்தது.

“மீசை,” என்றாள். “இது பேரா, ரயிலா?”

அவன் திரும்பாமலேயே சொன்னான். “ஊர் போய்ச் சேர்ந்துச்சில்ல?”