ஹேஸ்லம் படகைக் கயிற்றில் இறக்கிய நாள்

ஹேஸ்லம் குடும்பத்தில் யாரும் படகைக் கயிற்றில் இறக்கியதில்லை. பாறைகளுக்கிடையே கிரீன் ஆறு எவ்வளவு மூர்க்கமாகப் பாய்ந்தாலும் துடுப்பைப் பிடித்து அதன் வழியாகவே இறங்குவோம். அப்பா அப்படித்தான் இறங்கினார், நானும் அப்படித்தான். ஆளில்லாப் படகைத் தண்ணீரில் விட்டு, கரையில் நடந்தபடி கயிற்றால் இறக்குகிறவர்களைக் கேலி செய்திருக்கிறோம்.

இந்த ஆண்டு அரசின் குலுக்கலில் ஆற்றில் படகு விடும் அனுமதி என் மருமகன் வெண்டல் பெயருக்கு விழுந்தது. அனுமதி யார் பெயரிலோ அவர்தான் பயணத் தலைவர். ஆற்றில் அவர் சொல்லே முடிவு. வெண்டல் ஒஹாயோக்காரன். துடுப்புப் பிடித்துப் பழகியதெல்லாம் பூங்கா ஏரியில். என் மகள் ஆர்டித் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

இரண்டாம் நாள் மாலை மணல்திட்டில் கூடாரம் அடித்தோம். ஆர்டித் வார்ப்பிரும்புச் சட்டியில் பீச் பழத்தையும் மாவையும் இட்டு, மூடியின் மேல் கங்குகளை அடுக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. சற்று நேரத்தில் இருபுறமும் நின்ற செங்குத்துப் பாறைகளின் விளிம்பிலிருந்து அருவிகள் விழத் தொடங்கின. முதலில் ஒன்று, பிறகு பார்த்த இடமெல்லாம். செம்மண் நிறத்தில் கொட்டின. சில தரையைத் தொடாமல் பாதியிலேயே காற்றில் கலைந்தன. மூவரும் தொப்பலாக நனைந்தபடி அண்ணாந்து நின்றோம். பிறந்ததிலிருந்து இந்தப் பள்ளத்தாக்கை அறிந்த நானும் இப்படிப் பார்த்ததில்லை.

கீழே எங்கோ கடகடவென்று ஒரு சத்தம் நீண்டது.

"இடியா மாமா?"

"இடியில்ல, பாறை. ஓடையில வெள்ளம் வந்தா உருட்டிக்கிட்டு வரும்."

மறுநாள் காலை ஆறு செங்கல் கரைத்தது போல ஓடியது. பாறைகளுக்கிடையே ஆறு பாய்ந்து இறங்கும் முதல் பெரிய இடத்துக்கு முன், படகில் இருந்தபடியே வெண்டல் கையைத் தூக்கினான்.

"கரையில ஒதுக்குங்க மாமா. எறங்கிப் பாத்துட்டுப் போலாம்."

"பாக்க என்ன இருக்கு? இடது ஓரமா வழுவழுன்னு ஒரு வழி. கண்ணக் கட்டிவிட்டாலும் போவேன்."

"அப்பா, தலைவர் சொல்லிட்டாரு," என்றாள் ஆர்டித்.

ஒதுக்கினேன். பாறை மேல் ஏறிப் பார்த்தோம்.

இடது வழி இல்லை. பக்கத்து ஓடை வீட்டளவு பாறைகளைக் கொண்டுவந்து அங்கே கொட்டியிருந்தது. ஆறு முழுவதும் மிச்சமிருந்த இடுக்கில் மடிந்து விழுந்து, பழுப்புச் சுவராக எழுந்து நின்றது. காலடிப் பாறை அதிர்ந்தது. தொப்பியைக் கழற்றினேன்.

"நேத்து மழைக்கு முன்னால இது இங்க இருந்திருக்காது" என்று மட்டும் சொன்னேன்.

"நீங்களே சொல்லுங்க மாமா. உங்க படகு."

"அனுமதி யார் பேர்ல?"

"என் பேர்லதான்…"

"அப்ப நீ சொல்லு. தலைவர் சொல்ல மீறுன ஹேஸ்லம் கிடையாது. ஆனா கயிறுங்கிற வார்த்தை என் வாயிலேருந்து வராது."

"ரெண்டு பேரும் இப்படியே மரியாதை பாத்துட்டு நில்லுங்க," என்றாள் ஆர்டித். "ஆறு வத்தட்டும், நடந்தே போயிடலாம்."

வெண்டல் இன்னொரு முறை அந்த இடுக்கைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தே சொன்னான்: "கயிறு கட்டுறோம்."

முடிச்சை நானே போட்டேன். முன்கயிறு என்னிடம், பின்கயிறு அவர்கள் இருவரிடம். வெறும் படகு இடுக்குக்குள் சரிந்தது, சுவரில் ஏறியது, செங்குத்தாக நின்றது. கயிறு உள்ளங்கையை அறுத்தது.

"விட்டுடாதீங்க மாமா!"

"விடவா புடிச்சிருக்கேன்? உன் பக்கத்தப் பாரு!"

படகின் அடிவயிறு முழுதும் வானத்துக்கு எதிரே தெரிந்தது. இத்தனை காலம் அதன் மேலேயே உட்கார்ந்திருந்த எனக்கு, ஆற்றின் முன் அது எவ்வளவு சிறியது என்று அன்றுதான் கண்ணில் பட்டது.

கவிழாமல் அமைதியான தண்ணீருக்கு வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்த படகை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கையில் கயிற்றோடு மூவரும் அந்தத் தண்ணீர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.